உறக்கம் வேறு, கோமா வேறு: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, உறக்கம், விழிப்பு, நினைவிழப்பு ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்திருந்தன. அவற்றுள் ஒன்று, தந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் ஒரு மகள் எழுதியது. அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்ட என் தந்தை ஒன்பது நாள்களாகக் கண் திறக்கவில்லை. "ஆழ்ந்து தூங்குகிறார், மூளை ஓய்வெடுக்கட்டும், கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதே" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கோமா என்பது நீண்ட, ஆழ்ந்த தூக்கம்தானா?

இல்லை. மூடிய கண்களும் சீரான மூச்சும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் இந்த எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. உள்ளே நடப்பவையோ வெவ்வேறு. உறங்குபவரைத் தட்டினால் எழுவார், கோமாவில் இருப்பவரை எவ்வளவு தட்டினாலும் எழுப்ப முடியாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் முதல் வேறுபாடு. ஆனால் தட்டிப் பார்க்காமலேயே இதைக் கண்டுகொள்ளலாம். உறங்கும் ஒருவரைச் சற்று நேரம் கவனியுங்கள். தோள் மரத்துப்போனால் புரண்டு படுக்கிறார், குளிரெடுத்தால் போர்வையை இழுத்துக்கொள்கிறார், கொசு கடித்த இடத்தைத் தேடி அவருடைய கை சரியாகப் போகிறது. உடலின் தேவைகளை உறங்கும் மூளை இரவு முழுவதும் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. கோமாவில் இருப்பவர் புரண்டு படுப்பதில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை செவிலியர்கள் அவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிப் படுக்க வைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உறங்கும் மூளை தானாகவே செய்துகொள்ளும் ஒரு வேலையை அங்கே பிறர் கைகள் செய்கின்றன.

மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டும். இயல்பான உறக்கத்தில் மெல்லுறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவுகள் மிகுந்த உறக்கம் என்ற நிலைகள் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன. கனவுறக்கத்தின்போது மூளை செலவிடும் ஆற்றல், விழித்திருக்கும்போது செலவிடும் அளவை எட்டிவிடுகிறது. ஆழ்ந்த கோமாவில் இந்தச் சுற்றே இல்லாமற்போகிறது. பெரும்பாலும் ஒரே மாதிரியான மந்த அலைகளே நீள்கின்றன, மூளையின் ஆற்றல் நுகர்வும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடுவதுண்டு. உறக்கம் என்பது மூளை தானாக முனைந்து செய்யும் ஒரு வேலை. கோமாவிலோ விழிப்பையும் உறக்கத்தையும் மாற்றி மாற்றி நடத்துகிற அமைப்பே செயலிழந்து கிடக்கிறது.

எனவே நீங்கள் கூப்பிடுவதால் அவருடைய ஓய்வு எதுவும் கெட்டுவிடாது. தயங்காமல் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் உயிரியல் மாணவி. மூளைக்குள் நம்மை விழித்திருக்க வைப்பது எந்தப் பகுதி? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நூறாண்டுகளுக்கு முன்பு வரை, விழிப்பு என்பது வெளியிலிருந்து வரும் ஒளி, ஒலி, தொடுகை ஆகியவற்றின் விளைவு என்றும், அவை குறைந்தால் மூளை தானே உறங்கிவிடும் என்றும் பலர் கருதினர். இந்தக் கருத்தை அசைக்கத் தொடங்கியது ஒரு கொள்ளைநோய். முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவில் ஒரு விசித்திரமான மூளைக் காய்ச்சல் பரவியது. சில நோயாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உறங்கி விழுந்தனர்; வேறு சிலர் நாள்கணக்கில் உறக்கமே இல்லாமல் தவித்தனர். வியன்னாவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ 1917ஆம் ஆண்டு இந்நோயை விவரித்து எழுதினார். இறந்தவர்களின் மூளைகளையும் ஆராய்ந்தார். ஓயாமல் உறங்கியவர்களுக்கு, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதியின் பின்புறமும், அதை ஒட்டிய நடுமூளையும் (மூளைத்தண்டின் மேற்பகுதி) சிதைந்திருந்தன. உறக்கமின்றித் தவித்தவர்களுக்கு ஹைபோதலாமஸின் முன்பகுதி சிதைந்திருந்தது. விழிப்புக்கு ஓரிடம், உறக்கத்துக்கு ஓரிடம் என இரண்டும் மூளைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். ஸ்கேன் கருவிகள் இல்லாத காலத்தில், ஒரு நுண்ணோக்கியையும் தம் நோயாளிகளைப் பற்றிய நினைவுகளையும் மட்டும் கொண்டு அவர் எட்டிய இந்த முடிவை இன்று படிக்கும்போதும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பிரேமர் 1930களின் நடுவில் பூனைகளில் செய்த சோதனைகள் அடுத்த படி. மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்தில் வெட்டினால், உடலிலிருந்து வரும் தொடு உணர்வு முற்றிலும் அற்றுப்போன பின்னும் பூனையின் மூளை விழிப்பதும் உறங்குவதுமாக இருந்தது. வெட்டை மேலே நகர்த்தி நடுமூளையில் செய்தபோது உறக்க அலைகள் மட்டுமே மிஞ்சின. அந்த இரண்டு வெட்டுகளுக்கும் இடைப்பட்ட மூளைத்தண்டில்தான் விழிப்பின் வேர் இருக்கிறது என்ற பொருள் இதில் அடங்கியிருந்தது. 1949இல் ஜியூசெப்பே மொருட்சியும் ஹோரஸ் மகூனும் அந்தப் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, மயக்கத்தில் கிடந்த பூனையின் மந்தமான மூளை அலைகள் விழிப்பின் விரைவான சிற்றலைகளாக மாறின. மூளைத்தண்டின் நடுவே வலைபோல் பின்னிக் கிடக்கும் அந்த அமைப்புக்கு 'வலைப்பின்னல் தூண்டு மண்டலம்' என்ற பெயர் நிலைத்தது.

அது ஒற்றை உறுப்பன்று என்பது பின்னர் தெரியவந்தது. மூளைத்தண்டிலும் அதற்கு மேலும் சிறு சிறு கூட்டங்களாக அமைந்த நரம்பு செல்கள், ஒவ்வொரு கூட்டமும் தனக்குரிய வேதிப்பொருளை மூளை முழுவதும் தூவுகின்றன. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் ஒரு சிறு நீலத் திட்டு உள்ளது. மனித மூளையை வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே அந்த நிறம் தெரியும். அங்கிருக்கும் சில பத்தாயிரம் செல்களின் கிளைகள் பெருமூளை, சிறுமூளை, தண்டுவடம் எங்கும் பரவி நார்எபிநெஃப்ரினை வெளியிடுகின்றன. ஹைபோதலாமஸின் பின்பகுதியிலிருந்து ஹிஸ்டமின் வருகிறது. சில வகைச் சளி மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பதற்குக் காரணம், அவை மூளைக்குள் புகுந்து இந்த ஹிஸ்டமினைத் தடுப்பதே. அசிட்டைல்கோலின், செரட்டோனின், டோபமின் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கூட்டங்கள் உண்டு.

இவற்றுள் ஒரு கூட்டத்தை மட்டும் அழித்தால் விலங்கு கோமாவில் விழுவதில்லை. பெரும்பாலும் சிறிது காலத்தில் விழிப்பு ஏறத்தாழப் பழைய நிலைக்கே திரும்புகிறது. இத்தனை கூட்டங்கள் ஒன்றுக்கொன்று துணையாக இருப்பதால்தான் விழிப்பு அவ்வளவு எளிதில் அணைவதில்லை என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்தப் பாதைகள் நெருங்கிச் செல்லும் மேல் பான்ஸிலும் நடுமூளையிலும், இருபுறத்தையும் தொடும் ஒரு சிறு இரத்தக்கசிவு போதும், மனிதர் நினைவிழந்துவிடுவார். அதே அளவு கசிவு பெருமூளையின் ஒரு பக்கத்தில் ஏற்பட்டால் கையோ காலோ விழலாம், பேச்சு குழறலாம். ஆனால் பெரும்பாலும் அவர் நினைவிழப்பதில்லை. பெருமூளை வழியாகக் கோமா வர வேண்டுமென்றால் இரு பாதிகளும் சேர்ந்து செயலிழக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்வது, மாரடைப்பால் மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமற்போவது, கல்லீரலோ சிறுநீரகமோ செயலிழப்பது, நஞ்சு ஆகியவை அவ்வாறு செய்பவை. ஒரு பக்கத்து வீக்கமோ கசிவோ பெருகி, மூளைத்தண்டைக் கீழ்நோக்கி அழுத்துவது மற்றொரு வழி. முதல் கடிதத்தில் குறிப்பிடப்பட்ட தந்தையைப் போன்றவர்களுக்கு மருத்துவர்கள் மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்கவே முதலில் முயல்வதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: பகலில் புத்தகத்தை எடுத்தால் கண் சொக்குகிறது, இரவில் படுத்தால் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். தூக்கம் எப்போது வர வேண்டும் என்பதை மூளை எப்படி முடிவுசெய்கிறது?

இரண்டு கணக்குகளை மூளை ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது. முதலாவது, எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்ற கணக்கு. செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது உண்டாகும் அடினோசின், விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையின் சில பகுதிகளில் சேர்ந்து தூக்கச் சுமையாக அழுத்துகிறது, உறங்கும்போது குறைகிறது. காபியிலுள்ள கஃபீன் இந்தச் சுமையை இறக்கிவைப்பதில்லை. அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு, சுமை இருப்பதை மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு 10 மணிக்கும் உங்கள் உடலில் இருக்கிறது.

இரண்டாவது, நேரத்தின் கணக்கு. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 20,000 செல்கள் கொண்ட ஒரு கடிகாரம் இருக்கிறது. விழித்திரையிலிருந்து வரும் ஒளிச் செய்தியைக் கொண்டு அது தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரவில் வெளிச்சமான திரைகளுக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு அந்தக் கடிகாரம் பின்தள்ளப்படுகிறது. பகலில் கண் அயர்ந்து முதல் கணக்கின் சுமையை இறக்கிவிட்டு, இரவில் இரண்டாம் கணக்கையும் தள்ளிப்போட்டால், படுக்கையில் விழித்துக் கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் நிலை இதுவாக இருக்கலாம். பகல் உறக்கத்தை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். அதன் பின்னும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த இரு கணக்குகளையும் கேட்டு முடிவெடுக்கும் பொறுப்பு, எகனாமோ சுட்டிய அந்த ஹைபோதலாமஸின் முன்பகுதிக்கு உரியது. அங்குள்ள ஒரு சிறு கூட்டம், காபா என்ற தடைப்பொருளைக் கொண்டு விழிப்புக் கூட்டங்கள் எல்லாவற்றையும் அடக்குகிறது. விழித்திருக்கும்போது அந்தக் கூட்டங்கள் இதைத் திருப்பி அடக்குகின்றன. சீசா பலகையைப் போல ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் உயரும். நடுவில் நீண்ட நேரம் நிற்காது. அதனால்தான் நாம் அரைத் தூக்கத்தில் மணிக்கணக்காகக் கிடக்காமல், ஒரு கட்டத்தில் சட்டென்று உறங்கிவிடுகிறோம். புத்தகத்துடன் சாய்ந்திருப்பவரைப் பாருங்கள். ஒரே வரியை மூன்று முறை படிக்கிறார், இமைக்குள் விழிகள் மெல்ல உருள்கின்றன, கழுத்து தளர்ந்து தலை சாய்கிறது, புத்தகம் நழுவுகிறது. அந்த ஓரிரு நிமிடங்களில் பலகை சாய்ந்து முடிந்துவிட்டது.

பலகை தேவையில்லாமல் ஆடாதபடி விழிப்பின் பக்கம் கைவைத்துப் பிடித்திருப்பது ஆரெக்சின் என்ற பொருள். 1998இல் அது கண்டறியப்பட்டது. அதைச் சுரக்கும் செல்களை இழந்தவர்களுக்கே, சிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று முழங்கால் மடங்கி விழுவதும் பேச்சின் நடுவே உறங்கிப்போவதுமான நார்கோலெப்சி நோய் வருகிறது என்பது 2000ஆம் ஆண்டில் உறுதியானது. இத்தகையவர்களைச் சோம்பேறி என்று ஏசுவது பெரும் அநீதி.

கேள்வி: சில நாள்களில் விடியற்காலையில் விழிப்பு வந்தும் கைகால்களை அசைக்க முடிவதில்லை. பேய் அமுக்குவதாக வீட்டில் சொல்கிறார்கள். இது கோமாவின் தொடக்கமா?

இல்லை, அஞ்ச வேண்டாம். கனவுறக்கத்தின்போது, கனவில் ஓடுவதை நாம் படுக்கையிலும் ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு உடற்தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளைத் தடுத்து வைக்கிறது. கண்தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் விலக்குப் பெறுகின்றன. சில வேளைகளில் நினைவு முதலில் விழித்துக்கொள்கிறது, தடை விலகச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ தாமதமாகிறது. மார்பில் பாரம் இருப்பதுபோலவும் அறையில் யாரோ நிற்பதுபோலவும் தோன்றுவது, கனவின் மிச்சம் விழிப்போடு கலப்பதால். உறக்கம் குறைந்த நாள்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது கூடுதலாக வரும்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு முன் "தூங்க வைக்கிறோம்" என்கிறார்கள். அது உண்மையில் தூக்கம்தானா?

நோயாளியின் அச்சத்தைத் தணிக்கச் சொல்லும் கனிவான சொல் அது. உறங்குபவரின் தோலில் கத்தி பட்டால் துள்ளி எழுவார்; முழு மயக்கத்தில் இருப்பவர் எழமாட்டார். மருந்தால் வரவழைத்து மருந்தை நிறுத்தியதும் விலகும் ஒரு கோமா என்று அதைச் சொல்வதே பொருந்தும். அதனால்தான் மயக்க மருத்துவர் சிகிச்சை முடியும்வரை அருகிலேயே இருந்து, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியைத் தாங்கிக்கொள்வதற்காகவும் இத்தகைய மருந்துகளைத் தொடர்ந்து கொடுப்பதுண்டு. ஆகவே உறவினர் கண் திறக்கவில்லை என்றால், "இது நோயினாலா, மயக்க மருந்தினாலா, மருந்தை எப்போது நிறுத்திப் பார்ப்பீர்கள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது முற்றிலும் நியாயமான கேள்வி.

கேள்வி: என் கணவரின் மருத்துவக் குறிப்பில் ஜி.சி.எஸ். 6 என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் கழித்து 8 என்று இருந்தது. இந்த எண்ணுக்கு என்ன பொருள்?

1974இல் கிளாஸ்கோ நகரின் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் வகுத்த 'கிளாஸ்கோ கோமா அளவுகோல்' என்பதன் சுருக்கமே ஜி.சி.எஸ். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். எதுவுமே செய்யாதவருக்கும் ஒவ்வொன்றிலும் 1 உண்டு என்பதால் மிகக் குறைந்தது 3; பூஜ்யம் என்பது இல்லை. 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் கோமா என்று கொள்கிறோம்.

மருத்துவர் முதலில் பெயர் சொல்லி அழைக்கிறார். பதில் இல்லை என்றால் விரல் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துகிறார், கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையைக் கிள்ளிப் பிடிக்கிறார். காண்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதற்கு மூளை தரும் பதிலில்தான் செய்தி இருக்கிறது. தோளில் கிள்ளும் கையைத் தட்டிவிட அவர் கை அந்த இடத்தைத் தேடி வந்தால் அசைவுக்கு 5. வலித்த விரலை வெறுமனே இழுத்துக்கொண்டால் 4. கை விறைத்து இயல்புக்கு மாறாக மடங்கினால் 3. நீண்டு விறைத்தால் 2. அசைவே இல்லையென்றால் 1. மூன்று பகுதிகளில் அசைவையே நான் மிகுதியாக நம்புவேன். தொண்டையில் குழாய் இருப்பவரால் பேச முடியாது, முகம் வீங்கியவரால் கண் திறக்க முடியாது. கையின் பதில் அந்தத் தடைகளுக்கு அப்பாற்பட்டது.

இரண்டு நாளில் 6 என்பது 8 ஆவது நல்ல திசையே. மொத்த எண்ணைவிட, எந்தப் பகுதியில் உயர்ந்தது என்று கேட்டறிவது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

கேள்வி: விபத்துக்குப் பின் என் தம்பி மூன்று வாரம் கோமாவில் இருந்தான். இப்போது கண் திறந்திருக்கிறான், ஆனால் யாரையும் அறியவில்லை. விழித்துவிட்டான் என்று மகிழ்வதா, இல்லையா?

விழிப்பும் அறிவும் இரண்டு வெவ்வேறு செயல்கள் என்பதை உங்கள் தம்பியின் நிலை காட்டுகிறது. கண் திறப்பதும் பகலில் விழித்து இரவில் உறங்குவதும் மூளைத்தண்டும் ஹைபோதலாமஸும் மீண்டுவிட்டதன் அடையாளம். யார் நிற்கிறார், என்ன சொல்கிறார் என்று அறிவதற்குப் பெருமூளையின் மேலடுக்கான புறணியும், மூளையின் மையத்திலிருந்து அதற்குச் செய்திகளை அனுப்பும் தலாமஸும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். அந்த உரையாடல் இன்னும் தொடங்கவில்லை. உயிர் பிழைப்பவர்களுக்குக் கண்மூடிய கோமா பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை; அதன்பின் நினைவு திரும்பலாம், அல்லது இப்படிக் கண் மட்டும் திறக்கலாம். இந்நிலையை 1972இல் ஜென்னட்டும் ஃபிரெட் பிளமும் தனியாகப் பிரித்து, 'தாவர நிலை' என்று பெயரிட்டனர். அவ்வப்போது மட்டும் அறிவின் அறிகுறி தோன்றும் இடைநிலை ஒன்று 2002இல் வரையறுக்கப்பட்டது. இந்த இரண்டு நிலைகளும் மூளைச்சாவு அல்ல. மூளைச்சாவில் மூளைத்தண்டும் நிரந்தரமாக இறந்துவிடுவதால் தானாக மூச்சுவிடுவதும் நின்றுவிடும்.

அந்த இடைநிலையின் முதல் அறிகுறி பெரும்பாலும் கண்ணில்தான் தெரியும். ஒரு கைக்கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, அவன் தன் முகத்தையே பார்க்கும்படி மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். விழிகள் அதைத் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். மற்றப் பொருள்களைத் தொடராத கண்கள் தன் முகத்தைத் தொடர்வதுண்டு. ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுகட்டாமல், நாளின் வெவ்வேறு நேரங்களில் செய்து குறித்துவையுங்கள்.

வெளியே அறிகுறி இல்லாததால் உள்ளே ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2006இல் ஏட்ரியன் ஓவனும் அவருடைய குழுவினரும், எந்தக் கட்டளைக்கும் அசையாத 23 வயதுப் பெண் ஒருவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் தன் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் நலமான ஒருவருக்கு ஒளிரும் அதே பகுதிகள் அவர் மூளையிலும் ஒளிர்ந்தன. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை இவ்வகைச் சோதனைகளில் பதில் தந்தது. நான்கில் ஒருவர்! எல்லா மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனைக்கு வசதி இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. உங்கள் தம்பியின் நிலையை மகிழ்ச்சிக்குரியது என்றோ முடிந்துபோனது என்றோ இப்போதே சொல்ல இயலாது. விபத்தில் அடிபட்ட மூளை மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்குப் பின்னும் மீள்வதுண்டு.

கேள்வி: கோமாவில் இருப்பவருக்குக் காது கேட்குமா? அருகில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

சிலருக்குக் கேட்கிறது, ஒலி மூளையை எட்டுவதையும் சொந்தப் பெயருக்கு மட்டும் தனி அலை எழுவதையும் இ.இ.ஜி.யில் பார்க்கலாம். யாருக்குக் கேட்கிறது என்பதைப் படுக்கையருகே நின்று அறிய வழியில்லாததால், எல்லாருக்கும் கேட்கும் என்றே கொண்டு நடப்பதுதான் சரி. அவருடைய காதருகே நோயைப் பற்றியோ செலவைப் பற்றியோ விவாதிக்காதீர்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசாமல், அவருக்குப் பழகிய ஒரு குரல், பெயர் சொல்லி, சிறு வாக்கியங்களாக, இடைவெளி விட்டுப் பேசட்டும். பதிலுக்குச் சில நொடிகள் காத்திருக்கட்டும்.

இரவில் விளக்கைக் குறைக்கவும் ஒலியைத் தணிக்கவும் செவிலியரிடம் கேளுங்கள். பகலில் சன்னல் திரையை விலக்கச் சொல்லுங்கள். மூளைக்குள் இருக்கும் அந்தக் கடிகாரத்துக்கு இரவு எது, பகல் எது என்ற செய்தி தேவைப்படுகிறது. முதல் கடிதம் எழுதிய மகளுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். கோமாவில் கிடப்பவரின் இ.இ.ஜி.யில், ஒரே மாதிரியான மந்த அலைகளுக்கு நடுவே, கதிர்போல் பருத்து மெலியும் சிற்றலைக் கொத்துகள் ஒரு நாள் தோன்றக்கூடும். அவை தலாமஸில் பிறக்கும் இயல்பான உறக்கத்தின் அலைகள். அவற்றைக் கண்டால் நாங்கள் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறோம். உங்கள் தந்தைக்கு எடுத்த பதிவில் உறக்க அலைகள் தென்பட்டனவா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.